கதவின் நிறம் ஏன் மாறுகிறது?

உங்கள் வீட்டு வாசற்கதவு மரத்தாலானதா? ஆமெனில் நாளைக் காலை அதன் வெளிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வர்ணம் பூசாத கதவாகவோ, நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசிய கதவாகவோ இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே மரம். ஒரே ஆசாரி ஒரே நாளில் இழைத்தது. ஆனால் இன்று இரண்டும் ஒரே நிறமாக இல்லை. பல ஆண்டுகள் ஒரே ஆணியில் தொங்கிய காலண்டரை எடுத்தால் அங்கே ஒரு நீள்சதுரம் தனியாகத் தெரியும். பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் அப்படித்தான்.

காரணம் வெயில் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வெயில் என்றால் அதன் வெப்பமா, ஒளியா? ஒளி என்றால் எந்த ஒளி? அது மரத்தில் எந்தப் பொருளைத் தாக்குகிறது, எவ்வளவு ஆழம் செல்கிறது? இவற்றைத் தெரிந்துகொள்ள உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும் போதும். கொஞ்சம் கூட்டல் கழித்தல் தெரிந்தால் சரி.

முதலில் மரத்தைப் பார்ப்போம். மரக்கட்டை என்பது கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. அக்குழாய்களின் சுவரில் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை செல்லுலோஸ். பருத்திப் பஞ்சில் இருப்பதும் இதுவே. தூய நிலையில் வெண்மையானது. அடுத்து, அதற்கு உறவான ஹெமிசெல்லுலோஸ். மூன்றாவது லிக்னின், மரத்துக்கு மரம் வேறுபட்டாலும் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் எனலாம். கான்கிரீட் தளத்தில் கம்பியும் சிமெண்டும் இருப்பதைப் போல, மரத்தில் செல்லுலோஸ் இழைகள் கம்பி, லிக்னின் சிமெண்டு. இவை தவிர, சிறிதளவே இருந்தாலும் மரத்துக்குத் தனி நிறமும் மணமும் தரும் சாறுப்பொருள்களும் உண்டு. பலா மரத்தின் மஞ்சளுக்கு மோரின் என்ற பொருளும், செஞ்சந்தன மரத்தின் சிவப்புக்கு சாண்டலின் என்ற பொருளும் காரணம்.

இனி ஒளிக்கு வருவோம். ஒளி தொடர்ச்சியாகப் பாய்வதில்லை, ஃபோட்டான் என்ற சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்று படித்திருப்பீர்கள். ஒரு பொட்டலத்தின் ஆற்றலைக் கணக்கிட எளிய வழி ஒன்று சொல்கிறேன். 1240 என்ற எண்ணை ஒளியின் அலைநீளத்தால் வகுங்கள். அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டால் விடை இலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 700, ஆற்றல் 1.77. நீல ஒளிக்கு 450; ஆற்றல் 2.76. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் 350 என்று கொண்டால் 3.54, 300 என்று கொண்டால் 4.13.

ஒரு கார்பன் அணுவையும் இன்னொரு கார்பன் அணுவையும் இணைக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறக்குறைய 3.6 இலக்ட்ரான் வோல்ட் தேவை. லிக்னின் மூலக்கூறில் இதைவிட வலுக்குறைந்த பிணைப்புகளும் உண்டு. அவற்றுக்கு 3 அளவிலேயே போதும். இப்போது மேலே உள்ள எண்களைப் பாருங்கள். சிவப்பு ஒளி எவ்வளவுதான் கொட்டினாலும் ஒவ்வொரு பொட்டலமும் சிறியது. பிணைப்பை அசைக்க முடியாது. புற ஊதாப் பொட்டலம் ஒன்றே போதும். பத்து ஐந்து ரூபாய் நாணயங்கள் கையில் இருந்தாலும், பத்து ரூபாய் நாணயம் மட்டுமே ஏற்கும் இயந்திரத்தில் ஒன்றும் கிடைக்காது அல்லவா? அதுபோல.

வெப்பம் குற்றவாளி அல்ல என்பதும் இதிலிருந்து தெரியும். சித்திரை வெயிலில் கதவு தொட முடியாதபடி கொதித்தாலும், அந்த வெப்பநிலையில் மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் சராசரி ஆற்றல் ஓர் இலக்ட்ரான் வோல்ட்டில் சில சதவீதமே. சூடு வினையைச் சற்று விரைவுபடுத்தும். தொடங்கி வைப்பது ஒளிதான்.

ஆனால் ஆற்றல் போதுமானதாக இருந்தால் மட்டும் போதாது. விழுந்த ஒளியைப் பொருள் உறிஞ்சவும் வேண்டும். ஊடுருவிச் சென்றுவிடும் ஒளியோ, திரும்பிவிடும் ஒளியோ எந்த வேதி மாற்றத்தையும் செய்யாது. இதை 1817ஆம் ஆண்டில் குரோத்தஸ் என்பவரும், பின்னர் 1840களில் டிரேப்பர் என்பவரும் எடுத்துக் கூறினார்கள். இரண்டு வரியில் அடங்கும் விதி. ஆனால் நம் கதவின் புதிருக்குச் சாவி அதுவே. செல்லுலோஸ் சூரிய ஒளியில் பூமிக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. லிக்னினோ, பென்சீன் வளையங்கள் நிரம்பிய பொருள், ஆவலோடு உறிஞ்சுகிறது. மரம் உறிஞ்சும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதத்துக்கும் மேல் லிக்னினிடமே போய்ச் சேருகிறது. ஆகவே முதல் அடி சிமெண்டுக்குத்தான், கம்பிக்கு அல்ல.

அடி வாங்கிய லிக்னினில் என்ன நடக்கிறது? பிணைப்பு முறிந்து, இணையற்ற இலக்ட்ரானைக் கொண்ட துண்டுகள் உண்டாகின்றன. இவற்றைத் தனி உறுப்புகள் என்பர். இவை சும்மா இருக்க மாட்டா. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பல படிகளைக் கடந்து, இறுதியில் குயினோன் வகைப் பொருள்களாகின்றன. குயினோன்கள் நீல ஒளியை உறிஞ்சும். வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சள். வெளிர்நிற மரங்கள் வெயிலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாவது இப்படித்தான். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதே கதை. செய்தித்தாளுக்கான கூழில் லிக்னினை முழுவதும் நீக்குவதில்லை. நல்ல எழுதுதாளுக்கான கூழில் பெரும்பகுதியை நீக்கிவிடுவார்கள். அதனால்தான் உங்கள் தாத்தாவின் நோட்டுப் புத்தகம் வெள்ளையாக இருக்க, அதற்குள் மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு பழுத்துப்போயிருக்கிறது.

இவையெல்லாம் ஊகமல்ல. பெங்களூரில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் என்ற மத்திய அரசு ஆய்வகம் இருக்கிறது. அங்கே ரப்பர் மரம் போன்றவற்றின் துண்டுகளைச் செனான் விளக்கொளியில் வைத்து, அவ்வப்போது எடுத்து அகச்சிவப்பு நிறமாலையை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிணைப்பும் அகச்சிவப்புக் கதிரில் தனக்கென ஓர் இடத்தில் உறிஞ்சும். அது அப்பிணைப்பின் கைரேகை எனலாம். ஒளி படப்பட, லிக்னினின் வளையங்களுக்குரிய கைரேகை மங்குகிறது. அதே வேகத்தில், கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்போனைல் தொகுதியின் கைரேகை வளர்கிறது. ஒன்று அழிய மற்றொன்று பிறப்பதை நிறமாலைத் தாளிலேயே காணலாம்.

எவ்வளவு ஆழம்? இது முக்கியமான கேள்வி. புற ஊதாக் கதிர் மரத்தினுள் ஏறக்குறைய 75 மைக்ரான் வரையே செல்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி 200 மைக்ரான் வரை செல்லலாம். 75 மைக்ரான் என்பது உங்கள் தலைமயிரின் தடிமன். அதாவது, கதவின் நிறமாற்றம் முழுவதும் ஒரு மயிரிழை, மிஞ்சினால் மூன்று மயிரிழை ஆழத்துக்குள் நடக்கும் நாடகம்.

இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளாததால் ஒருவருடைய கூலி நின்றுபோனதை நான் நேரில் பார்த்தேன். நந்தனத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய தேக்கு அலமாரி. ஒரு கதவு மட்டும் கரையான் அரித்துவிட்டது. வயதான ஆசாரி ஒருவர் புதிய தேக்குப் பலகையில் கதவு செய்து பொருத்தினார். பழைய கதவு பொன்பழுப்பு. புதியதோ ஆங்காங்கே பச்சை கலந்த கருங்கோடுகளோடு வெளிறிக் கிடந்தது. “தேக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு வேறு கட்டையைப் போட்டுவிட்டீர்” என்று வீட்டுக்காரர் பாதிக் கூலியை நிறுத்திவிட்டார். நாற்பது வருடம் அதே பகுதியில் வேலை செய்தவர் ஆசாரி. காசு போனதைவிட அந்தச் சொல்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. “சார், நீங்க காலேஜ்ல பாடம் சொல்றவர். நீங்களே வந்து பாருங்க” என்று என்னை அழைத்தார்.

நான் செய்யச் சொன்னது ஒன்றுதான். பழைய கதவின் மேல்முனையில், வெளியே தெரியாத இடத்தில், இழைப்புளியால் இரண்டு தரம் இழுக்கச் சொன்னேன். சுருளாக வந்தது சீவல். கீழே தெரிந்த மரம் புதிய கதவின் நிறத்தை வெகுவாக ஒத்திருந்தது. முற்றிலும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். காற்றும் காலமும் உட்புறத்தையும் சிறிது மாற்றத்தான் செய்யும். ஆனால் பொன்பழுப்பு மேல்தோல் மட்டுமே என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. புதிதாக அறுத்த தேக்கின் திட்டுத்திட்டான நிறம் ஒளி பட்டுச் சில வாரங்களில் சமனாகிப் பொன்னிறம் பெறும் என்பது மர வியாபாரிகள் அனைவருக்கும் தெரிந்ததே. வீட்டுக்காரர் மீதிக் கூலியை அன்றே கொடுத்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை.

எல்லா மரமும் ஒரே திசையில் மாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பயன்படும் பலா மரம், அறுத்த அன்று மஞ்சள். ஒளியும் காற்றும் பட்டுச் செம்பழுப்பாகக் கறுக்கும். அதே மோரின் சாயத்தால்தான் பௌத்தத் துறவிகள் தம் ஆடைக்கு நிறம் ஏற்றினார்கள். ஈட்டி மரம் இதற்கு நேர்மாறு. ஊதா கலந்த கருமையோடு கம்பீரமாக இருக்கும் ஈட்டி மேசையைச் சன்னலோரம் போட்டு வைத்தால் சில ஆண்டுகளில் வெளிறிப் பழுப்பாகிவிடும். அந்தமான் படாக்கின் செம்மையும் அவ்வாறே மங்கும். காரணம், இங்கே இரண்டு வினைகள் போட்டியிடுகின்றன. லிக்னின் புதிய நிறத்தை உண்டாக்குகிறது. சாறுப்பொருளோ தன் பழைய நிறத்தை இழக்கிறது. எது முந்துகிறதோ அதன்படி மரம் கறுக்கும் அல்லது வெளுக்கும்.

சன்னலோரம் என்றதும் சிலர், “கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடுமே?” என்று கேட்பீர்கள். பாதி உண்மை. சாதாரணச் சன்னல் கண்ணாடி 310 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பெரும்பாலும் தடுக்கும். 340க்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். ஊதா ஒளியும் ஓரளவு வேலை செய்யக்கூடியதே. ஆகையால் கண்ணாடிக்குப் பின்னால் மாற்றம் மெதுவாக நடக்கும்; நிற்காது.

இதுவரை வீட்டுக்குள் இருக்கும் மரத்தைப் பற்றிப் பேசினோம். வெளியே மழையும் சேர்ந்துகொள்கிறது. ஒளி உடைத்துப் போட்ட லிக்னின் துண்டுகளில் பல நீரில் கரையும். வெயில் உடைக்கிறது, மழை கழுவுகிறது. சிமெண்டு போய்விட, மேற்பரப்பில் எஞ்சுவது வெண்மையான செல்லுலோஸ் இழைகள். அவற்றின்மேல் கருநிறப் பூஞ்சைகள் புள்ளிபுள்ளியாகக் குடியேறுகின்றன. வெள்ளையும் கறுப்பும் கலந்தால் சாம்பல் நிறம். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் முன்னாளில் வரிசையாகக் கிடந்த கட்டுமரங்களின் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் இப்படி வந்ததே. இன்று அங்கே பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே நிற்கின்றன. ஆனால் வெட்டவெளியில் கிடக்கும் எந்த மரவேலியிலும் பூங்கா இருக்கையிலும் அந்த நிறத்தைக் காணலாம். விரலால் தேய்த்தால் மெல்லிய நார் எழும். அது செல்லுலோஸ்.

சாம்பல் படலம் ஒருவகையில் கேடயம்; அடியில் உள்ள மரத்துக்கு ஒளி குறைவாகவே போகிறது. ஆனால் நார்கள் உதிர உதிர, புதிய மரம் வெளிப்படும். குளிர்நாட்டு ஊசியிலை மரங்களில் இத்தேய்மானம் நூறு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தேக்கு போன்ற அடர்ந்த மரங்களில் இன்னும் குறைவு. தூணுக்கு 6 மில்லிமீட்டர் பெரிதல்ல. செதுக்கிய சிற்பத்துக்கோ, அது மூக்கும் விரல்களும் மறைந்துபோகும் அளவு. கோயில் தேர்களை ஓடும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் கொட்டகைக்குள்ளோ தகரத் தட்டிக்குள்ளோ வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகைக் கெடுக்கும் தகரம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல.

சென்னைக்காரர்களுக்காக ஒரு சிறு வானியல் கணக்கு. நம் நகரம் வட அட்சம் 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 25ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் அது உச்சிக்கு வடக்கே செல்கிறது. ஜூன் 21இல் உதிக்கும்போதே சரியான கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. ஆகவே டில்லியில் வடக்குப் பார்த்த கதவுக்கு நண்பகலில் ஒருநாளும் கிடைக்காத நேர்வெயில், நந்தனத்தில் வடக்குப் பார்த்த கதவுக்குக் கோடையில் கிடைக்கிறது. காலை மாலைகளில் சாய்வாக விழுவது இன்னும் அதிகம். செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை அதற்கு நேர்வெயிலே இல்லை. தெற்குப் பார்த்த கதவுக்கு இது தலைகீழ். அதற்காக நிழலில் உள்ள கதவு தப்பித்தது என்று எண்ண வேண்டாம். காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீளங்களையே அதிகம் சிதறடிக்கும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. ஆதலால் வானம் நீலமாகத் தெரிவதோடு, புற ஊதாவையும் எல்லாப் பக்கமிருந்தும் பொழிகிறது. வானத்தைப் பார்க்கும் கதவு ஒளியைப் பெறும் கதவே.

இனிப் பணம் செலவாகும் விஷயம். வெயில் படும் வாசற்கதவுக்குப் பளபளவென்று நிறமற்ற வார்னிஷ் அடிக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டில் அது செதில் செதிலாக உரிகிறது. வார்னிஷ் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். குரோத்தஸ் விதியை நினைத்துப் பாருங்கள். நிறமற்ற பூச்சு என்றால் ஒளியை ஊடுருவ விடும் பூச்சு. ஒளி அதைக் கடந்து அடியில் உள்ள லிக்னினைத் தாக்குகிறது. பூச்சு பிடித்துக்கொண்டிருந்த மரத்தோலே நொய்ந்துபோன பிறகு, பூச்சு மட்டும் எப்படி நிற்கும்? வர்ணம் பூசிய கதவு நீண்டநாள் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள நிறமித் துகள்கள் ஒளியைத் தடுப்பதே. காவிக்கல் என்னும் இரும்பு ஆக்ஸைடு இதில் வல்லது; புற ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சிவிடும். மரத்தின் ரேகையும் தெரிய வேண்டும், ஒளியும் தடைபட வேண்டும் என்றால், புற ஊதாவை மட்டும் உறிஞ்சும் பொருள் கலந்த பூச்சு வேண்டும். பெங்களூர் ஆய்வகத்தில் துத்தநாக ஆக்ஸைடு, சீரியம் ஆக்ஸைடு ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்களைப் பூச்சில் கலந்து சோதித்திருக்கிறார்கள். எப்படியானாலும், பழைய மரத்தில் பூச்சு அடிக்குமுன் உப்புத்தாளால் நொய்ந்த தோலை முழுவதும் தேய்த்தெடுக்காவிட்டால் எந்த விலையுயர்ந்த டப்பாவும் பயன் தராது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய மரச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே 1930இலேயே பழம்பொருள்களைப் பாதுகாக்க ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். அருங்காட்சியக அறைகள் ஏன் மங்கலாக இருக்கின்றன என்று நீங்கள் சலித்துக்கொண்டிருக்கலாம். மரப் பொருள்களுக்கு 200 லக்ஸ் அளவைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றும் வழக்கம். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். புன்சன் அடுப்பு மூலம் நீங்கள் அறிந்த அதே புன்சனும், ராஸ்கோ என்பவரும் கண்டபடி, ஒளியின் செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதே விளைவின் அளவு. அப்படியானால் வெயிலில் ஒரு மணி நேரம் என்பது 200 லக்ஸில் 500 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் விளக்கெரித்தால் இரண்டு மாதத்துக்கு மேல். உண்மையில் வித்தியாசம் இன்னும் பெரிது. லக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே அளக்கும், வெயிலில் உள்ள புற ஊதா அந்தக் கணக்கில் வராது.

இனி நீங்களே செய்ய ஒரு சோதனை. தச்சுப் பட்டறையில் கேட்டால் புதிதாக இழைத்த துண்டுப்பலகை கிடைக்கும். பைன் பெட்டிப்பலகையோ பலாவோ சிறந்தது. ஒரே பலகையிலிருந்து நான்கு துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றின் பாதியையும் அலுமினியத் தாளால் இறுகச் சுற்றுங்கள். முதல் துண்டு மொட்டைமாடி வெயிலில். இரண்டாவது, அதே இடத்தில், சன்னல் கண்ணாடித் துண்டுக்கு அடியில். மூன்றாவதைக் கறுப்பு பூசிய மூடிய தகர டப்பாவுக்குள் போட்டு அதே வெயிலில் வையுங்கள். நான்காவது இருட்டு அலமாரியில். மழைக்கும் பனிக்கும் மாலையில் உள்ளே எடுத்துவிடுங்கள். பத்து நாட்களுக்கு ஒருமுறை தாளைப் பிரித்து, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். பொறுமை இல்லாதவர்கள் செய்தித்தாளில் சாவியை வைத்துச் செய்து பார்க்கலாம். ஓரிரு நாள் வெயிலிலேயே சாவியின் உருவம் பதிந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து முதல் துண்டில், நிறம் மாறிய பாதியின் ஓரத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, எத்தனை தேய்ப்பில் பழைய நிறம் வருகிறது என்று எண்ணுங்கள். கண்ணாடிக்கு அடியில் இருந்த துண்டிலும் அவ்வாறே எண்ணுங்கள். மூன்றாவது துண்டைத் திறப்பதற்கு முன், அது நிறம் மாறியிருக்குமா, மாறியிராதா என்பதைக் காரணத்தோடு தாளில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு டப்பாவைத் திறங்கள்.